டப்பா குடுத்தீங்க சரி, ஒரு கேள்வி கேட்டீங்களா?

எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல போன ஞாயித்துக்கிழமை "இலவச எலும்பு பரிசோதனை முகாம்" போட்டிருந்தாங்க. ரெண்டு டேபிள், ஒரு பெடஸ்டல் ஃபேன், ஒரு குட்டி மெஷின். செருப்பைக் கழட்டிட்டு குதிகாலை அதுக்குள்ள வெக்கணும். ஜெல் தடவுவாங்க. கொஞ்ச நேரத்துல மைனஸ் போட்டு ஒரு நம்பர் வரும். மைனஸைப் பார்த்ததும் எல்லா ஆன்ட்டி முகமும் வாடிடும். உடனே பக்கத்து டேபிளுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க கால்சியம் பவுடர் டப்பா அடுக்கி வெச்சிருக்கும். வெனிலா, சாக்லேட். முகாம் விலை.

எங்கம்மா சாக்லேட் வாங்கிட்டு வந்தாங்க.

(விலையை இங்க எழுதல. அப்பா இந்த ப்ளாக் படிக்கறார்.)

எனக்கு வந்த கடுப்பு காசு போச்சேன்னு இல்ல. "உன்கிட்ட என்னென்னம்மா கேட்டாங்க?"ன்னு விசாரிச்சேன். பேரு, ஃப்ளாட் நம்பர், ஃபோன் நம்பர், "பால் குடிப்பீங்களா மேடம்?" அவ்வளவுதான்.

பீரியட்ஸ் எப்ப நின்னுச்சுன்னு கேக்கல. கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சான்னு கேக்கல. ஆச்சுன்னா ஓவரியை விட்டு வெச்சாங்களா, அதையும் எடுத்துட்டாங்களான்னு கேக்கல. ஸ்டீராய்டு மாத்திரை எடுத்திருக்கீங்களா, உங்கம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சுதா... எதுவும் இல்ல.

ஃபோன் நம்பரை மட்டும் ரெண்டு தடவை சரிபார்த்திருக்காங்க.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். அந்தக் குதிகால் மெஷின் அல்ட்ராசவுண்ட்ல வேலை செய்யுது. எலும்புத் தேய்மானம் இருக்கா இல்லையான்னு முடிவு சொல்ல அது போதாது. அதுக்கு டெக்சா ஸ்கேன் எடுக்கணும். முதுகுத்தண்டுலயும் இடுப்புலயும் எவ்வளவு அடர்த்தி இருக்குன்னு குறைஞ்ச அளவு எக்ஸ்ரே வெச்சு பாப்பாங்க. அதுல வர்ற டி-ஸ்கோர், வாலிப வயசுப் பொண்ணோட சராசரி எலும்போட ஒப்பிட்டு நீங்க எவ்வளவு கீழ இருக்கீங்கன்னு சொல்லும். மைனஸ் 1 வரைக்கும் பரவால்ல. மைனஸ் 2.5-ம் அதுக்குக் கீழயும் போனா ஆஸ்டியோபோரோசிஸ். இந்தக் கோட்டை உலக சுகாதார நிறுவனம் 1994-ல போட்டுச்சு. குதிகால் மெஷின் நம்பருக்கு இதே கோட்டை அப்படியே தூக்கிப் போட்டுப் பாக்கக் கூடாது. பார்க்கிங்ல அதைத்தான் பண்ணிட்டிருந்தாங்க.

எங்கம்மா கதைக்கு வர்றேன். அம்மாவுக்கு நாப்பது வயசு நெருங்கறப்பவே கர்ப்பப்பை ஆபரேஷன் ஆயிடுச்சு. கட்டி, ஓயாத ரத்தப்போக்கு. அந்தக் காலத்துல நாமக்கல், சேலம் பக்கம் வீட்டுக்கு ஒருத்தருக்காவது நடந்திருக்கும். "கர்ப்பப்பையை எடுத்தாச்சு"ன்னு சொல்லுவாங்க, அதோட பேச்சு முடிஞ்சுடும். கூட வேற என்ன எடுத்தாங்கன்னு எடுத்துக்கிட்டவங்களுக்கே தெரியாது.

"ஏங் கண்ணு, அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு?"

"ஓவரியை எடுத்தாங்களாம்மா?"

"எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு சொன்னாங்க."

எல்லாத்தையும்னா எதை? பீரோவைக் கவுத்தேன். பட்டா, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், என்னோட எட்டாங்கிளாஸ் மார்க் ஷீட் (கணக்குல எடுத்த மார்க்கைப் பத்திப் பேச வேண்டாம்), எல்லாத்துக்கும் அடியில மடிச்சு மடிச்சு கிழியப் போற டிஸ்சார்ஜ் சம்மரி. அதுல ஒரே வரி: டி.ஏ.ஹெச். வித் பி.எஸ்.ஓ.

முதல் மூணு எழுத்து, வயித்தைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தது. அடுத்த மூணு எழுத்து, ரெண்டு பக்க ஓவரியையும் குழாயையும் எடுத்தது. இந்த ரெண்டாவது மூணெழுத்துதான் எலும்போட தலையெழுத்து. உங்க வீட்லயும் பழைய ஃபைல் இருந்தா தேடிப் பாருங்க. கர்ப்பப்பையை மட்டும் எடுத்துட்டு ஓவரியை விட்டிருந்தா, பீரியட்ஸ் வராது, ஆனா ஹார்மோன் பாட்டுக்கு வந்துட்டிருக்கும். ரெண்டையும் எடுத்திருந்தா ஆபரேஷன் நடந்த அன்னிக்கே மெனோபாஸ். அவங்க அவங்க உடம்பு நாப்பத்தஞ்சு, அம்பது வயசுல மெதுவா செய்யற வேலையை, தியேட்டர்ல ஒரு மணி நேரத்துல செஞ்சு முடிச்சுடறாங்க.

2019-ல மகாராஷ்டிரா பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டற பெண்கள் பத்தி செய்தி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? மாசவிலக்கு வந்தா வேலைக்குப் போக முடியாது, போகலைன்னா கூலி போச்சு, அபராதம் வேற. அதனால இளவயசுலயே கர்ப்பப்பையை எடுத்துக்கிட்டவங்க அங்க ஏராளம். அதோட ஓவரியும் போயிருந்தா, தலையில கரும்புக்கட்டு சுமக்கற முதுகெலும்புக்கு இருந்த ஒரே காவலும் போச்சு. அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்குக் கோவம் மட்டும்தான் வந்துச்சு. இந்த எலும்புக் கணக்கு தெரிஞ்சப்புறம் கோவம் ரெண்டு மடங்காயிடுச்சு.

ஓவரிக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்னு முதல்ல உரக்கச் சொன்னது ஃபுல்லர் ஆல்பிரைட்னு ஒரு டாக்டர். பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டல்ல இருந்தார். முதுகெலும்பு நொறுங்கி வர்ற நோயாளிகளைப் பட்டியல் போட்டுப் பாத்தார். 65 வயசுக்குக் கீழ இருந்த 42 பேர்ல 40 பேர் மாதவிடாய் நின்னுபோன பெண்கள். ஓவரியை ஆபரேஷன்ல எடுத்தவங்களும் அதுல இருந்தாங்க. 1941-ல கட்டுரை வந்துச்சு. ஓவரி சுரக்கற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குடுத்துப் பாத்தார். சிறுநீர்ல வீணாப் போயிட்டிருந்த கால்சியம் உடம்புலயே தங்க ஆரம்பிச்சுது.

அதாவது எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க பார்க்கிங்குக்கு இன்னும் வந்து சேரல.

ஆனா ஆல்பிரைட் காரணம் சொன்னதுல பாதிதான் சரி. ஈஸ்ட்ரோஜன் இல்லாட்டி எலும்பு கட்டற செல் சோம்பிடுதுன்னு அவர் நெனைச்சார். பின்னாடி பாத்தா கட்டற செல் சோம்பல, சொல்லப்போனா முன்னவிட அதிகமாத்தான் வேலை செய்யுது. உடைக்கற செல் அதையும் மிஞ்சிப் போயிடுது.

இதை அம்மாவுக்குப் புரிய வெக்க நான் பட்ட பாடு தனிக்கதை. முதல்ல பேப்பர்ல படம் வரைஞ்சேன். "இதென்ன, தோசையா?"ன்னாங்க. அப்புறம் யூடியூப் அனிமேஷன் காட்டினேன். தூங்கிட்டாங்க. கடைசியா எங்க பழைய வீட்டை இடிச்சுக் கட்டின கதையை வெச்சுத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன்.

எலும்பை ஒரு தடவை கட்டிட்டா ஆயுசுக்கும் அப்படியே நிக்கும்னு நெனைக்கிறோம். அப்படி இல்ல. வளர்ந்த ஆளோட எலும்புக்கூட்டுல வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் இடிச்சு, மறுபடி புதுசா கட்டப்படுது. இடிக்கறது ஆஸ்டியோகிளாஸ்ட். வெள்ளையணுக் குடும்பத்துல பொறந்த செல்லுங்க பல ஒண்ணா ஒட்டி உருவாகற பெரிய செல் இது. எலும்பு மேல உக்காந்து, ஓரத்தை இறுக்கி மூடிக்கிட்டு, அடியில ஆசிட்டை விடும். கனிமம் கரைஞ்சுடும். மிச்சம் இருக்கற கொலாஜனை ஒரு என்சைம் வெச்சு அறுத்துடும். அது போனப்புறம் அந்தக் குழியில ஆஸ்டியோபிளாஸ்ட் வந்து புதுசா கொலாஜன் போட்டு, மேல கனிமம் படிய வெக்கும். அதுல சிலது தான் கட்டினதுக்குள்ளயே மாட்டிக்கும். அதுக்குப் பேரு ஆஸ்டியோசைட். சும்மா இருக்காது. எங்க பாரம் அழுத்துது, எங்க விரிசல்னு உள்ள இருந்தபடியே உணர்ந்து சேதி அனுப்பிட்டே இருக்கும்.

இடிக்கற ஆளுங்க மூணு வாரத்துல வேலையை முடிச்சுட்டுப் போயிடுவாங்க. கொத்தனாருக்கு மூணு நாலு மாசம் வேணும். (வீடு கட்டினவங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.) அதனால ஒரே நேரத்துல எத்தனை இடத்துல இடிக்க விடறோம்கறதுதான் சூட்சுமம். அதை முடிவு பண்றது கொத்தனார் தரப்பு. ஆஸ்டியோபிளாஸ்ட்டும் ஆஸ்டியோசைட்டும் ரேங்க்-எல்னு ஒரு புரதத்தை வெளியிட்டா, இடிக்கற ஆளுங்க வந்து குவிவாங்க. ஓ.பி.ஜி.ன்னு இன்னொரு புரதத்தை விட்டா, அது அந்தச் சேதியை வழியிலயே பிடிச்சு வெச்சுக்கும். ஓ.பி.ஜி. 1997-ல கண்டுபிடிச்சது, எலும்புல ரேங்க்-எல்லோட வேலை தெரிஞ்சது அதுக்கு அடுத்த வருஷம். நான் ஸ்கூல்ல படிச்சப்ப எந்த பயாலஜி புக்லயும் இது இல்லாததுக்குக் காரணம் அதுதான்.

இப்ப ஈஸ்ட்ரோஜன் உள்ள வருது. ரேங்க்-எல்லைக் குறைக்குது, ஓ.பி.ஜி.யைக் கூட்டுது. இடிக்கற செல்லைத் தூண்டிவிடற டி.என்.எஃப்., இன்டர்லூகின் மாதிரி அழற்சி சமாச்சாரங்களை அடக்கி வெக்குது. அதோட ஆஸ்டியோகிளாஸ்ட்டோட ஆயுசைக் குறைச்சு, ஆஸ்டியோபிளாஸ்ட்டோட ஆயுசை நீட்டிக்குது.

மெனோபாஸ்ல இதெல்லாம் தலைகீழ். இடிப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் எகிறுது. கட்டறது 45 சதவீதம்தான் கூடுது. ரெண்டும் கூடுது, கவனிச்சீங்களா? ஆனா கணக்கு இடிக்குது. போதாக்குறைக்கு, எலும்பு மஜ்ஜையில ஆஸ்டியோபிளாஸ்ட்டா மாறியிருக்க வேண்டிய ஸ்டெம் செல்லுங்க பல கொழுப்பு செல்லா மாறிப்போயிடுதுங்க.

இன்னொரு கொடுமை இருக்கு. முதுகெலும்போட உள்பக்கம் சன்னச் சன்னமா தூணும் தகடுமா பின்னியிருக்கும். ஆயுசு நீண்ட ஆஸ்டியோகிளாஸ்ட் ஆழமாத் தோண்டித் தோண்டி ஒரு தகட்டுல ஓட்டையே போட்டுடும். ஓட்டை விழுந்துட்டா அப்புறம் கொத்தனார் பூசறதுக்கு அங்க சுவரே கிடையாது. அந்த இணைப்பு போனது போனதுதான். இந்த நேரத்துல கால்சியம் டப்பா என்ன பண்ணும்? வாசல்ல செங்கல் லோடு எறக்கும். செங்கல் வேணும்தான், வேண்டாம்னு சொல்லல. உள்ள இடிக்கற கூட்டத்துல ஒரு ஆளைக்கூட அது வெளிய அனுப்பாது.

இதைச் சொன்னதும்தான் அம்மா, "அப்ப முகாம்காரன் செங்கல் யாவாரியா?"ன்னாங்க. புரிஞ்சுடுச்சு!

மெனோபாஸ் ஆன முதல் அஞ்சு பத்து வருஷம்தான் இழப்பு வேகமா இருக்கும். பின்னல் எலும்பு நிறைய இருக்கற எடம்தான் முதல்ல அடிவாங்கும். அம்பதுகள்ல கையை ஊனி விழுந்தா மணிக்கட்டு. அறுபதுகள்ல முதுகெலும்பு. எழுபது தாண்டினா இடுப்பு. எங்க அம்மாயி கடைசி காலத்துல நிமிர முடியாமப் போயிட்டாங்க. "வயசாச்சு, கூன் விழுந்துடுச்சு"ன்னுதான் எல்லாரும் சொன்னோம். முதுகெலும்புக் கட்டைங்க ஒவ்வொண்ணா முன்பக்கம் நசுங்கினாத்தான் அந்தக் கூன் விழும். ஒவ்வொண்ணும் ஒரு எலும்பு முறிவு. கையில விழுந்திருந்தா மாவுக்கட்டு போட்டிருப்போம். முதுகுல விழுந்ததால தைலம் தேச்சோம்.

சரி, சீரியஸா போயிட்டிருக்கு. கோழிக்கு வருவோம்.

எங்க சித்தப்பா நாமக்கல்ல முட்டைக்கோழிப் பண்ணை வெச்சிருக்கார். இந்த எலும்பு-ஹார்மோன் விவகாரத்தை நான் படிச்ச எல்லாரையும்விட அவருக்கு நல்லாத் தெரியும், பேரு மட்டும் தெரியாது. ஒரு முட்டை ஓட்டுல சுமார் 2 கிராம் கால்சியம். ஓடு பெரும்பாலும் ராத்திரியில உருவாகுது. ராத்திரி கோழி தின்னாது. அப்ப கால்சியம் எங்கேர்ந்து வரும்? சொந்த எலும்புலேர்ந்து. முட்டை போட ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே, ஈஸ்ட்ரோஜன் ஏறினதும், கால் எலும்போட உள்குழியில ஒரு தற்காலிக எலும்பு வளர ஆரம்பிச்சுடும். மெடுல்லரி எலும்புன்னு பேரு. ராத்திரி கரைஞ்சு ஓடாகும், பகல்ல தீவனத்துலேர்ந்து மறுபடி சேரும். அதனாலதான் சாயங்காலத் தீவனத்துல கிளிஞ்சலைக் கொஞ்சம் பெரும்பெரும் துண்டாப் போடுவாங்க. ராத்திரி பூரா மெதுவாக் கரைஞ்சுட்டிருக்கும்.

இதுல கோழிக்கு ஒரு நஷ்டம். முட்டை போடற காலம் முழுக்க அதோட ஆஸ்டியோபிளாஸ்ட் இந்தத் தற்காலிக எலும்பைக் கட்டறதுலயே மும்முரமா இருக்கும். ஒடம்பைத் தாங்கற நிரந்தர எலும்பைப் புதுப்பிக்க ஆள் இல்ல. முட்டை ஓய்ஞ்ச கோழியை லாரியில ஏத்தறப்ப படக்குனு கால் ஒடிஞ்சுடும். "பாத்துப் புடிங்கடா"ன்னு சித்தப்பா கத்தறதை சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன்.

இந்த மெடுல்லரி எலும்பை பெண் புறாக்கள்ல 1934-லயே பாத்து எழுதியிருக்காங்க. அந்தப் புறா ஆராய்ச்சிதான் ஆல்பிரைட்டை ஓவரி பக்கம் யோசிக்க வெச்சதுல ஒரு பங்கு.

இன்னும் ஒண்ணு சொல்லியே ஆகணும், பொறுத்துக்கோங்க. அமெரிக்காவுல மொன்டானாவுல ஒரு டி-ரெக்ஸ் டைனோசர் எலும்பு தோண்டியெடுத்தாங்க. 6.8 கோடி வருஷப் பழசு. பொதி ரொம்பப் பெருசா இருந்ததால ஹெலிகாப்டர்ல ஏத்த முடியல, பிரிச்சுத்தான் ஏத்தினாங்க. அதுல தொடை எலும்பு உடைஞ்சுடுச்சு. உடைஞ்ச துண்டைப் பாத்த மேரி ஷ்வைட்ஸர், உள்ள இருக்கறது முட்டை போடற பறவையோட மெடுல்லரி எலும்பாச்சேன்னு 2005-ல சொன்னாங்க. அதாவது அது பொம்பளை டைனோசர், முட்டை வெக்கற பருவம். அத்தனை கோடி வருஷம் கழிச்சும் அந்த டைனோசரோட ஓவரி என்ன செஞ்சிட்டிருந்துச்சுன்னு எலும்பு சொல்லுது. எங்கம்மா ஓவரியைப் பத்திக் கேக்க மட்டும் ஆளில்ல.

"அப்ப இது பொம்பளைங்க சமாச்சாரம்"னு இந்த எடத்துல அப்பா எழுந்து போகப் பாத்தார். உக்கார வெச்சேன்.

1994-ல ஒரு கேஸ் வந்துச்சு. 28 வயசு ஆம்பளை. 204 சென்டிமீட்டர் உயரம், இன்னும் வளர்ந்துக்கிட்டிருக்கார். முட்டி உள்பக்கம் வளைஞ்சு இடிக்குதுன்னு டாக்டர்கிட்ட வந்தார். டெஸ்டோஸ்டிரோன் சரியாத்தான் இருந்துச்சு. எலும்பு வயசு மட்டும் 15. வளர்ச்சித் தட்டு மூடவே இல்ல. அதுக்கு மேல, ஆஸ்டியோபோரோசிஸ். என்னன்னு பாத்தா, ஈஸ்ட்ரோஜனை வாங்கிக்கற ஏற்பி அவர் உடம்புல வேலையே செய்யல. ஈஸ்ட்ரோஜன் ரத்தத்துல இருக்கு, எலும்புக்குக் காது கேக்கல.

அதுக்கப்புறம் அரோமட்டேஸ்னு ஒரு என்சைம் இல்லாமப் பொறந்த சில ஆம்பளைங்களையும் கண்டுபிடிச்சாங்க. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனா மாத்தறது அந்த என்சைம்தான். இவங்களும் ஓயாம வளர்ந்தாங்க, எலும்பும் வலுவில்ல. ஈஸ்ட்ரோஜன் குடுத்ததும் வளர்ச்சித் தட்டு மூடிச்சு, எலும்பு அடர்த்தி ஏறிச்சு. 2000-ல மேயோ கிளினிக்ல வயசான ஆண்கள் 59 பேருக்கு உடம்புல சுரக்கற ரெண்டு ஹார்மோனையும் நிறுத்திட்டு, ஒண்ணொண்ணாத் திருப்பிக் குடுத்துப் பாத்தாங்க. எலும்பு கரையறதைத் தடுக்கறதுல 70 சதவீதத்துக்குக் குறையாத பங்கு ஈஸ்ட்ரோஜனோடது. டெஸ்டோஸ்டிரோனுக்கும் வேலை இருக்கு: ஆம்பளைங்க எலும்பு வெளிப்பக்கம் பருத்து அகலமா வளர்றது பெரும்பாலும் அதனால. ஆனா கரையாமக் காக்கற பொறுப்பு ஆம்பளை உடம்புலயும் ஈஸ்ட்ரோஜன்கிட்டதான்.

அப்பா ஒண்ணும் பேசல. மீசையை மட்டும் ஒருக்கா தடவிக்கிட்டார்.

ஊர்ல இன்னொரு பேச்சு உண்டு: "நாலு புள்ளைக்குப் பால் குடுத்தேன், எலும்பெல்லாம் கரைஞ்சுபோச்சு." பாதி நெஜம். பால் குடுக்கறப்ப ஈஸ்ட்ரோஜன் கீழ கிடக்கும், தாயோட எலும்புலேர்ந்து கால்சியம் பாலுக்குப் போகும், சில மாசத்துலயே அடர்த்தி குறையும். ஆனா பால் மறந்தப்புறம் அது திரும்பி வந்துடுது. மெனோபாஸ்ல போறது அப்படித் தானா திரும்பாது. ஈஸ்ட்ரோஜன் கீழ கிடக்கற அந்தப் பால் குடுக்கற காலத்துல தாயோட எலும்பு எப்படித் தாக்குப்பிடிக்குதுன்னு ரொம்ப நாளாப் புதிர். 2024-ல கலிஃபோர்னியாவுல ஒரு குழு, பால் குடுக்கற எலியோட மூளையிலேர்ந்து சி.சி.என்.3-ன்னு ஒரு ஹார்மோன் வந்து எலும்பு கட்டுதுன்னு சொன்னாங்க. எலியிலதான், மனுஷங்களுக்கு மருந்தா வர இன்னும் தூரம் இருக்கு. படிச்ச அன்னிக்கு எனக்கு என்னமோ சந்தோஷமா இருந்துச்சு.

உளுந்தங்களியையும் இங்கயே பேசிடலாம். வயசுக்கு வந்த புள்ளைக்கு உளுந்தும் நல்லெண்ணெயும் கருப்பட்டியுமா ஊட்டி ஊட்டி மூச்சுத் திணற வெப்பாங்களே, "இடுப்புக்குப் பலம்"னு. பெரியாளானதும் நம்மகிட்ட இருக்கப் போற எலும்புக் கனிமத்துல ஏறக்குறைய கால்பங்கு, அந்தப் பருவத்தை ஒட்டின ரெண்டு வருஷத்துல சேருது. ஈஸ்ட்ரோஜன் ஏறுது, எலும்பு வாங்கிப் போட்டுக்குது. சாப்பாடு குடுக்க வேண்டிய நேரத்தை நம்ம ஊரு சரியாப் புடிச்சிருக்கு. (பையனுங்களுக்கும் அதே கதைதான், கொஞ்சம் லேட்டா. அவங்களுக்கு யாரும் களி கிண்டறதில்ல.) கேழ்வரகுல 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் கிட்ட கால்சியம் இருக்கு, நல்ல சாப்பாடு. என் பசங்களுக்கு ராகி களி, ராகி தோசை, ராகி கேக்னு எல்லா வேஷமும் போட்டுப் பாத்தேன். கேக்கைத்தான் கொஞ்சமாவது தொட்டாங்க. வெல்லப்பாகு கொட்டி.

"அப்போ ஈஸ்ட்ரோஜனையே மாத்திரையாப் போட்டுக்கலாமே?" நியாயமான கேள்வி. போட்டாங்க. அமெரிக்காவுல 16,608 பெண்களை வெச்சு நடந்த பெரிய ஆய்வை 2002-ல பாதியில நிறுத்தினாங்க. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேத்துக் குடுத்த குழுவுல இடுப்பு முறிவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. ஆனா 10,000 பெண்களுக்கு வருஷத்துக்கு 8 மார்பகப் புற்றுநோய், 8 பக்கவாதம், 7 இதய நோய் கூடுதல். உலகமே பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுச்சு. அப்புறம்தான் நிதானமாப் பாத்தாங்க: அதுல சேந்தவங்களோட சராசரி வயசு 63. இப்ப டாக்டருங்க பொதுவா, 60 வயசுக்குள்ள, இல்ல மெனோபாஸ் ஆகி 10 வருஷத்துக்குள்ள இருந்தா ஆளைப் பாத்து யோசிக்கலாம்கறாங்க. எங்கம்மா மாதிரி இளவயசுலயே ஓவரியை எடுத்தவங்களுக்கு, வேற தடை இல்லாட்டி, இயல்பா மெனோபாஸ் வர்ற வயசு வரைக்குமாவது ஹார்மோன் குடுக்கறது நல்லதுன்னும் சொல்றாங்க. எங்கம்மாவுக்கு அன்னிக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பினாங்க.

ஹார்மோன் வேண்டாம்னா வேற மருந்து இருக்கு. அலென்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயித்துல, நெறைய தண்ணியோட, முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஸோலெட்ரோனிக் ஆசிட் வருஷத்துக்கு ஒரு ட்ரிப். டெனோசுமாப் ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. மேல சொன்ன ரேங்க்-எல்லை நேராப் போய்ப் பிடிக்கற மருந்து இது. நல்ல மருந்து, ஒரே ஒரு வில்லங்கம்: நடுவுல சொல்லாமக் கொள்ளாம நிறுத்தினா அடங்கியிருந்த இடிப்பு மொத்தமாத் திரும்பி வந்து முதுகெலும்புல அடுத்தடுத்து முறிவு விழலாம். "இப்ப நல்லாத்தான இருக்கு"ன்னு ஊசியைத் தள்ளிப் போடறவங்க டாக்டர்கிட்ட பேசிட்டுத் தள்ளிப் போடுங்க.

அம்மாவுக்கு டெக்சா எடுத்தாச்சு. நம்பர் சொல்ல மாட்டேன், அது அவங்க சமாச்சாரம். மருந்து ஆரம்பிச்சிருக்கு. தினமும் மொட்டை மாடியில நடக்கறாங்க. சாக்லேட் டப்பாவை அப்பா காலி பண்ணிட்டார்.

இதெல்லாம் தோண்டினதுல நடந்த இன்னொரு நல்லது எங்க பெரியப்பா விஷயம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கறார். டெஸ்டோஸ்டிரோனை அடக்கற ஊசி. டெஸ்டோஸ்டிரோன் இல்லாட்டி அதுலேர்ந்து வர்ற ஈஸ்ட்ரோஜனும் இல்ல. ஈஸ்ட்ரோஜன் இல்லாட்டி எலும்புக்கு என்ன ஆகும்னு இவ்வளவு நேரம் படிச்ச உங்களுக்கே தெரியும். (மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் எடுக்கறவங்களுக்கும் இதே கதை. அது அரோமட்டேஸையே அடைக்கற மாத்திரை. அவங்களும் எலும்பைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.) போன தடவை நானும் கூடப் போய்க் கேட்டேன். டாக்டர் உடனே டெக்சாவுக்கு எழுதிக் குடுத்தார்.

ஸ்கேன் சென்டருக்கு ஃபோன் போட்டேன்.

"டெக்சாவா? உங்களுக்கா மேடம், அம்மாவுக்கா?"

"எங்க பெரியப்பாவுக்கு."

"மேடம், அது லேடீஸ்க்கு எடுக்கறதாச்சே..."

"ஜென்ட்ஸுக்கும் எடுப்பாங்க. எழுதிக்கோங்க."

எழுதிக்கிட்டாங்க. போற வழியில கார்ல பெரியப்பாவுக்கு இந்த 204 சென்டிமீட்டர் ஆளு கதையில ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். ஊசி, டெஸ்டோஸ்டிரோன், அரோமட்டேஸ், எல்லாம். ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தார். பைபாஸ் ஏறினதும் மெதுவாக் கேட்டார்.

"ஏஞ்சாமி, அப்ப இத்தனை வருஷம் என்ற எலும்பைக் காப்பாத்துனது அந்தப் பொம்பளை ஹார்மோனுங்கறயா?"

"ஆமாங்க பெரியப்பா."

"உங்க பெரியம்மா காதுல போட்டுறாத. அப்புறம் அவ பேச்சைத் தாங்க முடியாது."